எட்வர்ட் லியரின் தாடிக் கிழவர் படம், பழைய பதிப்பில் யாரிடமாவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. ஆங்கில ஓவியரும் வேடிக்கைப் பாட்டுக்காரருமான எட்வர்ட் லியரின் ‘எ புக் ஆஃப் நான்சென்ஸ்’ என்ற படத்தோடு கூடிய வேடிக்கைப் பாட்டு நூலின் இரண்டு பழைய பதிப்புகளிலிருந்து நல்ல ஸ்கேன் வேண்டும். நூலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் பெரிய திரையில் காட்டத்தான்.

1846இல் முதல் பதிப்பு ‘டெரி டவுன் டெரி’ என்ற புனைபெயரில், கல்லச்சுப் படங்களோடு வந்தது. 1861 பதிப்பில் சொந்தப் பெயர் வந்தது, படங்களும் மரச்செதுக்கு அச்சுக்கு மாறின. எனக்கு முக்கியமாக அந்தத் தாடிக் கிழவர் வேண்டும், எந்தப் பழைய பதிப்பில் இருந்தாலும் சரி. இரண்டு ஆந்தை, ஒரு கோழி, நான்கு வானம்பாடி, ஒரு ரென் குருவி எல்லாம் தாடிக்குள் கூடு கட்டியிருக்குமே, அவர்தான். கிளிகளை இறகு இறகாக வரைந்து பேர் வாங்கிய மனுஷன் லியர், இங்கே வேண்டுமென்றே கிறுக்கியிருக்கிறார். பாதிச் சிரிப்பு அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

என்னிடம் இருக்கும் மலிவுப் பதிப்பில் படத்தைச் சுருக்கி, பாட்டை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். படமும் பாட்டும் ஒரே பக்கத்தில் முழுசாகத் தெரிகிற ஸ்கேன் இருந்தால் நல்லது. இணைப்பு இருந்தாலும் சரி, எந்த நூலகத்தின் தளத்தில் தேடலாம் என்று சொன்னாலும் சரி. அப்புறம், எது எந்தப் பதிப்பு என்றும் குறிப்பிடுங்கள்.