இலங்கையில் மழை பிடித்தால் டெல்டாவுக்கும் வருமா? எந்த ஊர் மழையைக் கவனிப்பது?

கடைமடைச் சம்பா:
வணக்கம். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பகுதி, நேரடி விதைப்புச் சம்பா. "இலங்கையில மழை புடிச்சாச்சு, ரெண்டு நாள்ல நமக்கு வந்துரும்" என்ற பேச்சை நம்பித்தான் இங்கே பலர் மேலுரம் போடுவதையும் அறுப்பையும் முடிவு செய்கிறார்கள். ஆனால் மே மாதத்தில் கொழும்பில் வெள்ளம் என்றால் நமக்குச் சொட்டுகூட விழுவதில்லை. தை மாதத்திலோ அங்கே ஒரு தாழ்வுப் பகுதி என்றதும் இங்கே கதிர் சாய்கிறது. அங்கே எந்தப் பகுதியில், எந்த மாதம் பெய்யும் மழை நமக்குக் கணக்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாடைக்காற்று:
"இலங்கை மழை" என்று ஒரே மழை கிடையாது தம்பி. தீவின் நடுவே 2,524 மீட்டர் வரை எழும் மலைநாடு இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் வந்து அதில் முட்டுகிறதோ அந்தப் பக்கம் கொட்டும், மறுபக்கம் காயும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. கொழும்பு, காலி, இரத்தினபுரி எல்லாம் நனையும். வட்டவளை, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவுகளில் ஆண்டு மழை 5,000 மி.மீ.யை ஒட்டியும் அதற்கு மேலும் போகும். அந்தக் காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரம் போய், சூடேறி, மட்டக்களப்பில் கச்சான் என்னும் வறண்ட காற்றாக வீசுகிறது. நமக்கும் அதே கதைதான். மேற்குத் தொடர்ச்சி மலை மழையை வாங்கிக்கொள்ள, டெல்டாவுக்கு வெறும் ஆடிக்காற்று. அதனால் மே மாதக் கொழும்பு வெள்ளத்துக்கும் நம் வயலுக்கும் சம்பந்தமில்லை.

மார்ச், ஏப்ரலில் அங்கே மதியத்துக்கு மேல் இடியும் மின்னலுமாகப் பெய்வது நிலம் சூடேறி எழும்பும் உள்ளூர் மழை. அதையும் விட்டுவிடலாம்.

அக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். தீவு முழுக்க மழை பரவலாகக் கிடைப்பது இப்போதுதான். பிறகு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவம்: கிழக்குக் கரையும் மலையின் கிழக்குச் சரிவும் நனையும், கொழும்பு காயும். யாழ்ப்பாணத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் மழையின் உச்சம் நவம்பர். மட்டக்களப்புக்கு அது டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளிப்போகும். காற்றுகள் சந்திக்கும் பட்டை அதற்குள் தெற்கே இறங்கிவிடுவதுதான் காரணம்.

ஆண்டு மழை 2,500 மி.மீ.க்கு மேல் என்றால் ஈர வலயம், 1,750க்குக் கீழ் என்றால் உலர் வலயம், நடுவில் இடை வலயம் என்று அங்கே பிரித்திருக்கிறார்கள். தீவில் மூன்றில் இரண்டு பங்கு உலர் வலயம். மன்னாரும் அம்பாந்தோட்டையும் அதிலும் வறண்டவை. உலர் வலயத்தில் நெல்லுக்கு இரண்டு பருவம்: பெரும்போகம் வடகிழக்கு மழையில், சிறுபோகம் பெரும்பாலும் குளத்து நீரில். மலைநாட்டுத் தண்ணீரை 1976 முதல் பொல்கொல்லையில் மகாவலி ஆற்றிலிருந்து உலர் வலயக் குளங்களுக்குத் திருப்புகிறார்கள். குடகு மழை மேட்டூர் வழியாக நம் குறுவைக்கு வருகிற ஏற்பாடு மாதிரியே இது.

அலையாத்தி:
மேலே சொன்னது சரி. "ரெண்டு நாள்ல வரும்" என்ற நம்பிக்கைக்கு வருகிறேன், தவறு நடப்பது அங்கேதான். இலங்கையில் பெய்த மேகம் இங்கே நகர்ந்து வருவதில்லை. இரண்டு இடத்துக்கும் மழை தருவது ஒரே சுழற்சி. அது எந்த அட்சரேகையில் நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கேள்வி.

கோடியக்கரை 10.3 பாகை வடக்கு. பருத்தித்துறை 9.8, திருகோணமலை 8.6, மட்டக்களப்பு 7.7, அம்பாந்தோட்டை 6.1. இந்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாழ்வு மையத்துக்கு வடக்கிலும் வடமேற்கிலும் இருக்கும் கரைக்குத்தான் கடலிலிருந்து ஈரக்காற்று நேராக வரும்.

மையம் 5, 6 பாகையிலேயே மேற்கே போய் மாலத்தீவுப் பக்கம் இறங்கினால் தென்மாவட்டங்களுக்கு மழை கிடைக்கலாம், நமக்குத் தூறலோடு போகும். மட்டக்களப்புக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைத் தொட்டாலோ கரையை ஒட்டி ஊர்ந்தாலோ டெல்டாவுக்கு அதுதான் கனமழை நிலை. 2020இல் புரெவிப் புயல் டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே ஏறி, வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது. காற்றின் வேகம் போய்விட்டது, மழை போகவில்லை. இங்கே வயல்கள் மூழ்கின. "வலுவிழந்தது" என்ற சொல்லைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள், அது காற்றுக்கு மட்டும்தான் பொருந்தும். 2008இல் நிஷாவும் இலங்கையை ஒட்டி உருவாகி, நவம்பர் 27 அன்று காரைக்கால் அருகே கரையேறியது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. பதிவானது அப்போதுதான்.

மூன்றாவது வகை, மையம் நம்மைத் தாண்டி வடக்கே போவது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி இருந்தபோதே நாகை, வேதாரண்யம் பகுதியில் மழை. அது புதுச்சேரியை நெருங்கக் கரையேறியது 30ஆம் தேதி. மையம் 11.5 பாகைக்கு மேல் போய்விட்டால் நமக்குத் தரைப்பக்கக் காற்று திரும்பிப் பெரும்பாலும் வெறிக்கும். தொலைக்காட்சியில் புயல் பேச்சு உச்சத்தில் இருக்கும் நேரமும் நம் மழை முடிகிற நேரமும் ஒன்றாகவே இருக்கலாம்.

பார்க்க வேண்டிய முறை: காற்றை வரைபடமாகக் காட்டும் விண்டி செயலியில் காற்றை 850 ஹெச்.பி.ஏ. (காற்றழுத்த அளவு) உயரத்துக்கு மாற்றி, அதாவது ஏறக்குறைய 1.5 கி.மீ., சுழலின் மையம் எந்தப் பாகையில் என்று பாருங்கள். தரைமட்டக் காற்றில் பலவீனமான சுழற்சி தெரியாது. ஐந்து நாளுக்கு மேற்பட்ட கணிப்பை வைத்து அறுப்பு முடிவு எடுக்கக் கூடாது. இரண்டு கணினிக் கணிப்பு மாதிரிகள் ஒரே பாதையைக் காட்டினால் மூன்று நாள் வரை நம்பலாம். கடைசி 6 மணி நேரத்துக்குக் காரைக்கால் ரேடார்தான்.

கடைமடைச் சம்பா:
தெளிவாக இருக்கிறது அண்ணே. தை மாத மழையைப் பற்றியும் சொல்லுங்கள். பட்டை தெற்கே இறங்கிவிட்டது என்றால் நமக்கு ஏன் வருகிறது?

அலையாத்தி:
பட்டை இறங்கினாலும் கிழக்கிலிருந்து காற்றலைகள் வந்துகொண்டே இருக்கும். அவை இலங்கைக்குத் தென்கிழக்கே சுழற்சியாகின்றன. பெரும்பாலானவை வடக்கிலிருந்து இறங்கும் வறண்ட காற்றில் கரைந்துவிடும். காலையில் பனி கெட்டியாக இறங்கி, காற்று வடமேற்காக இருந்தால் அந்த வறண்ட காற்று இங்கே வந்துவிட்டது என்று பொருள். பனி நின்று, கிழக்கிலிருந்து கொண்டல் வீசி, கடல்பக்கம் தாழ்ந்த மேகம் வரிசையாக வந்தால் உஷார். 2023 பிப்ரவரி 2 அன்று ஒரு தாழ்வு மண்டலம் இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்தபோது டெல்டா முழுக்க அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்தது. வெறும் தாழ்வு மண்டலம்தான், புயலுக்கு இரண்டு படி கீழே.

வாடைக்காற்று:
எல் நினோ ஆண்டுகளில் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும்போது) அக்டோபர் முதல் டிசம்பர் வரை இலங்கைக்கும் நமக்கும் மழை கூடுதலாகக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு, அது குளிரும் லா நினாவில் குறையும் பக்கம் சாயும். இலங்கையில் ஜனவரிக்குப் பிறகு இது தலைகீழாகும் போக்கும் இருக்கிறது. பருவம் முழுவதற்கான சாய்வு மட்டுமே இது. உங்கள் அறுப்புத் தேதிக்கு இதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

உளுந்துத் தாள்:
வயல் பக்கத்தைச் சொல்கிறேன். மையம் 7.5 பாகையைத் தாண்டி வடமேற்காக நகர்கிறது என்று தெரிந்தால் யூரியாவை நிறுத்துங்கள். வரப்பில் வடிகால் வாயை அன்றைக்கே வெட்டுங்கள். மழை தொடங்கிய பின் வெட்டினால் வாய்க்கால் மட்டம் ஏறித் தண்ணீர் வயலுக்கே திரும்பும். வாய்க்கால் முடியும் கடைமடையில் கடல் ஓதம் ஏறும் நேரத்தில் வடியவே வடியாது. வடிந்தபின் பயிர் மஞ்சளித்தால் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம்.

தை அறுப்பில் கதிர் 80 சதவீதம் பழுத்து, மழைக்கு மூன்று நாள் இருந்தால் அறுத்துவிடுவதே மேல். ஈர வயலில் ஓடும் செயின் மெஷினை (பட்டைச் சக்கர அறுவடை இயந்திரம்) சொல்லிவையுங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம், காய வைக்கக் களமும் தார்ப்பாயும் முதலில் தயாராக வேண்டும். அறுப்புக்கு முன் சம்பா வயலில் தெளிக்கும் உளுந்தை அந்த மழைக்கு முன் தெளிக்காதீர்கள். மண் மெழுகுபோல் ஈரமாக இருக்கும் மெழுகுப் பதத்தில் விழ வேண்டிய விதை தேங்கிய தண்ணீரில் ஒரு நாள் கிடந்தாலே அழுகிவிடும். மழை விட்டு, நீர் வடிந்து, பதம் திரும்பியபின் தெளிக்கலாம்.