எத்தனால் கலப்புக்கான அரசுப் பணம் எந்த வழியாகப் போகிறது?

கேள்வி: வைகைக்கரை

நண்பர்களுக்கு வணக்கம். 2016-இல் வாங்கிய பைக்கில்தான் இன்றும் வேலைக்குப் போய் வருகிறேன். டேங்கை நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டர் கணக்கை ஒரு நோட்டில் குறித்து வைப்பது வழக்கம். லிட்டருக்கு 52 கொடுத்த வண்டி, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு 50-ஐத் தொடுவதே அரிதாகிவிட்டது. அது போகட்டும். எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க அரசு பெரும் பணம் செலவிடுகிறது என்கிறார்கள். ஆனால் பெட்ரோல் பங்கில் விலை இறங்கவில்லை, பட்ஜெட்டிலும் 'எத்தனால் மானியம்' என்று பெருந்தொகை எதுவும் என் கண்ணில் படவில்லை. அப்படியானால் அந்தப் பணம் யாருக்கு, எந்த வழியாகப் போகிறது?

பதில் 1: மொலாசஸ்

சர்க்கரை ஆலையின் வடிப்பாலையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் தேடிய இடத்தில் அது இருக்காது, ஏனென்றால் பெரும்பகுதி மானியம் என்ற பெயரில் வருவதே இல்லை. முதல் வழி வட்டி. 2018 முதல் வடிப்பாலை கட்டவோ விரிவுபடுத்தவோ வாங்கும் கடனுக்கு, ஆண்டுக்கு 6 விழுக்காடு அல்லது வங்கி வட்டியில் பாதி, இவற்றில் எது குறைவோ அதை ஐந்தாண்டுகளுக்கு மத்திய அரசு ஏற்கிறது. 2021-இல் இது தானியத்திலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளுக்கும் விரிந்தது. இரண்டாவது வழியே பெரியது: எண்ணெய் நிறுவனங்கள் எத்தனாலுக்காக ஆலைகளுக்குக் கொடுக்கும் கொள்முதல் விலை. 2024-25 பருவத்தில் படிகமாகப் பிரிக்கக்கூடிய சர்க்கரையை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகான சி-ஹெவி மொலாசஸிலிருந்து எடுத்த எத்தனாலுக்கு லிட்டருக்கு 57.97 ரூபாய், மக்காச்சோள எத்தனாலுக்கு 71.86 ரூபாய். கச்சா எண்ணெய் மலிவாக இருக்கும் நாள்களில், வரிக்கு முந்தைய பெட்ரோல் விலையைவிட இது அதிகம். அந்த வேறுபாட்டை எண்ணெய் நிறுவனங்கள் விலைக்குள்ளேயே அடக்கிக்கொள்கின்றன. அதாவது பங்கில் நிற்கும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

உங்கள் நோட்டுக் கணக்கிலும் பிழையில்லை. 2021-இல் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் கலப்புச் செயல்திட்டமே பழைய இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 விழுக்காடு வரை மைலேஜ் குறையும் என்று சொல்லியிருந்தது. எத்தனாலின் எரிஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

பதில் 2: நாமக்கல் பண்ணை

மொலாசஸ் ஐயா சொன்ன 71.86 ரூபாய்க்கு மறுபக்கம் ஒன்று உண்டு. எங்கள் கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். வடிப்பாலைகள் அதே சோளத்துக்குப் போட்டிக்கு வந்த பிறகு, சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-இல் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. சோளம் விளைவிப்பவருக்கு நல்ல விலை கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் எண்ணெய்க்காக வெளிநாட்டை எதிர்பார்த்தது போய் சோளத்துக்காக எதிர்பார்க்கத் தொடங்கினால், அதையும் சேமிப்புக் கணக்கில் கழிக்க வேண்டாமா? வடித்த பிறகு மிஞ்சும் டி.டி.ஜி.எஸ். சக்கை மலிவாக வருகிறது என்பது உண்மைதான். ஆனால் மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்து, பூஞ்சை நச்சுக்குச் சோதனை செய்த பிறகே சிறிதளவு கலக்கிறோம். சோளத்துக்கு முழு மாற்றாக அது நிற்காது.

பதில் 3: கணக்குப்பிள்ளை

இறக்குமதி குறைகிறதா என்றால், குறைகிறது; ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். நாட்டில் டீசல் நுகர்வு பெட்ரோலைப் போல இரு மடங்குக்கும் மேல். எத்தனால் கலப்பதோ பெட்ரோலில் மட்டும். லாரியும் டிராக்டரும் இந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

பிரேசில் 1975-இல் தொடங்கிய புரோஆல்கூல் திட்டத்திலும் இதே இரு வழிகள்தான்: ஆலைகளுக்கு மலிவுக் கடன், அரசு நிர்ணயித்த விலை. எண்பதுகளின் நடுவில் அங்கே விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஆல்கஹாலில், அதாவது எத்தனாலில் மட்டுமே ஓடுபவை. பிறகு எண்ணெய் விலை சரிந்தது, சர்க்கரை விலை ஏறியது, ஆலைகள் சர்க்கரைப் பக்கம் சாய்ந்தன. 1989-90-இல் ஆல்கஹால் தட்டுப்பாடு வந்தபோது வேறு எதிலும் ஓடாத அந்தக் கார்களை வைத்திருந்தவர்கள் பங்கில் வரிசை கட்டி நின்றார்கள். 2003-இல் பெட்ரோல், ஆல்கஹால் இரண்டிலும் ஓடும் பிளெக்ஸ் கார்கள் வந்த பிறகுதான் மக்களுக்கு மீண்டும் நம்பிக்கை வந்தது.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. உணவுப் பயிரைத் தொடாமல் எடுக்கும் எத்தனாலுக்கு அரசு எதுவும் கொடுப்பதில்லையா?

மொலாசஸ்

கொடுக்கிறது, அது பட்ஜெட்டில் பெயரோடு இருக்கிறது. வைக்கோல் போன்ற பயிர்க்கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளுக்கு உதவ 2019-இல் அறிவித்த ஜீவன் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 1,969.50 கோடி ரூபாய். 2022 ஆகஸ்டில் பானிபட்டில் திறந்த இந்தியன் ஆயில் ஆலை, 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, வயலில் எரிக்கப்படும் நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கக் கட்டப்பட்டது. முழுத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 3 கோடி லிட்டர் வரும். 20 விழுக்காடு கலப்புக்கு நிதி ஆயோக் கணக்கிட்ட தேவை ஆண்டுக்கு 1,016 கோடி லிட்டர்.