டிஏசிக்கும் ஆம்புக்கும் நடுவில் டியூப் பஃபர் வைத்தால் பயன் உண்டா?

இரவுப்பாட்டு:
வணக்கம். என்னிடம் இருப்பது சாதாரண டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி), டிரான்சிஸ்டர் ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் பெட்டி), இரண்டு சின்ன ஸ்பீக்கர். பெண் குரல் உச்சத்துக்குப் போகும்போதும் 'ஸ' வரும் இடங்களிலும் காதைக் கீறுகிறது. நண்பர் ஒருவர் 6ஜே1 என்ற வெற்றிடக் குழாய் (டியூப்) வைத்த பஃபர் பெட்டியை இரவல் தந்தார். நடுவில் மாட்டியதும் குரல் முன்னால் வந்து நிற்கிறது, பேஸும் கூடினாற்போல இருக்கிறது. ஆனால் பாட்டு நின்றால் லேசாக 'உம்ம்' என்று ஓர் இரைச்சல். சொந்தமாக ஒன்று வாங்கலாமா, இல்லை எல்லாம் பிரமையா?

ஓம்விதி:
டியூப் பஃபர் என்றால் வழக்கமாக கேதோடு ஃபாலோயர், அதாவது சிக்னலைப் பெருக்காமல் கடத்தும் சுற்று. கெயின் (பெருக்கம்) 1-க்குச் சற்றுக் கீழே. இன்புட் இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கான தடை) அதிகம், அவுட்புட் இம்பீடன்ஸ் குறைவு, அவ்வளவுதான் அதன் வேலை. உங்கள் டிஏசியின் அவுட்புட் பெரும்பாலும் சில நூறு ஓமுக்குள் இருக்கும், ஆம்பின் இன்புட் 10 கிலோ ஓமோ அதற்கு மேலோ. பத்து மடங்கு இருந்தாலே தாராளம். அங்கே பஃபருக்கு வேலையே இல்லை.

'முன்னால் வந்து நிற்கிறது' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. மலிவான 6ஜே1 பெட்டிகள் பல பெயருக்குத்தான் பஃபர். கொஞ்சம் பெருக்கவும் செய்யும். ஒரு டெசிபெல் கூடினால் 'சத்தம் கூடிவிட்டது' என்று காது சொல்லாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். 100 ஹெர்ட்ஸ் டோனை ஓட விடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் பஃபரோடும் இல்லாமலும் அளந்து சொல்லுங்கள். வால்யூமை இடையில் தொடாதீர்கள்.

பழையவால்வு:
ஓம்விதி சார், எல்லாவற்றையும் மீட்டருக்குள் அடைத்துவிட முடியாது. டியூப் சேர்க்கும் இரண்டாவது ஹார்மோனிக் (மூல ஒலியின் இரு மடங்கு அதிர்வெண்) பலருக்குப் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் தம்பி, அதற்கு டியூபுக்குச் சாப்பாடு போட வேண்டும். 6ஜே1 நூறு வோல்ட்டுக்கு மேல் பிளேட்டில் (டியூபின் பாசிட்டிவ் முனையில்) வாங்கி ஓடப் பிறந்தது. இந்தப் பெட்டிகளில் கிடைப்பது சில பத்து வோல்ட். அடியில் ஆரஞ்சாக ஒளிர்வதும் சிலவற்றில் எல்இடிதான், டியூபைச் சூடாக்கும் ஹீட்டர் இல்லை!

'உம்ம்' விஷயம்: டிஏசியிலிருந்து வரும் கேபிளைப் பஃபரில் கழற்றுங்கள். சத்தம் நின்றால் கிரவுண்ட் லூப்பாக (பெட்டிகளின் கிரவுண்ட் இணைப்புகள் வளையமாகி வரும் இரைச்சல்) இருக்கலாம். நிற்காவிட்டால் பெட்டியையோ அடாப்டரையோ சந்தேகப்படுங்கள். அப்புறம் பென்சிலால் டியூபை மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டிங்' என்று பலமாகக் கேட்டால் அது மைக்ரோஃபோனிக், வேறு டியூப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரவுப்பாட்டு:
அளந்தேன். பஃபர் இல்லாமல் 0.50 வோல்ட், இருந்தால் 0.62. கேபிளைக் கழற்றியும் 'உம்ம்' போகவில்லை.

ஓம்விதி:
கிட்டத்தட்ட 1.9 டெசிபெல் கூடுதல். குரல் முன்னால் வராமல் என்ன செய்யும்? இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் ஒருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

இரவுப்பாட்டு:
கேட்டாயிற்று. 'உம்ம்' காட்டிக்கொடுத்ததே தவிர, பாட்டு ஓடும்போது எது எது என்று சொல்ல முடியவில்லை. 'ஸ' இரண்டிலும் கீறுகிறது.

பழையவால்வு:
அப்படியானால் பெட்டியை நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளுக்கான சின்ன பகுதி) நேராகக் காதைப் பார்க்கிறதா? ஸ்பீக்கரைச் சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள். பக்கச் சுவர் வெறுமையாக இருந்தால் கனத்த திரை போடுங்கள். பிளேயரில் ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருந்தால் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை 2 டெசிபெல் குறைத்துப் பாருங்கள்.

மூலைஸ்பீக்கர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு டிஏசி, அப்புறம் 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் (திருகி ஒலியைக் குறைக்கும் மின்தடை) மட்டும் வைத்த பெட்டி, அங்கிருந்து 5 மீட்டர் கேபிளில் பவர் ஆம்ப். எனக்கும் பஃபர் வீண்தானா?

ஓம்விதி:
இல்லை, உங்களுக்கு உண்மையிலேயே வேண்டும். சிக்னல் பாதியாகக் குறையும் இடத்தில் அந்த வால்யூம் கன்ட்ரோலின் அவுட்புட் இம்பீடன்ஸ் 25 கிலோ ஓம். கேபிளின் கெபாசிட்டன்ஸ் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்தால் மொத்தம் 500. 12.7 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் விழுந்துவிடும். வால்யூம் கன்ட்ரோலை 10 கிலோ ஓமுக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். பஃபர்தான் என்றால் வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிறகு, கேபிளுக்கு முன்னால் வையுங்கள். டியூப்தான் வேண்டும் என்றில்லை, ஆப்-ஆம்ப் என்ற சிப்பும் போதும். டியூப் என்றால் அவுட்புட் கெபாசிட்டரைப் பாருங்கள்: 1 மைக்ரோஃபாரட் போட்டு ஆம்பின் இன்புட் 10 கிலோ ஓமாக இருந்தால் 16 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் போய்விடும். 47 கிலோ ஓம் என்றால் கவலையில்லை.