மேடையில் கிட்டார் ஆம்பைச் சாய்த்து வைப்பது எப்படி?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் ஒரு வரவேற்புக்கு வாசிக்கிறேன். பலகை மேடை. ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) தரையில் இருந்தால் எனக்கே சரியாகக் கேட்பதில்லை, முன்வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்துகிறார்கள். என்ன செய்யலாம் அண்ணா?

பதில்: தம்பி, ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேராகத்தான் பாயும். தரையில் வைத்தால் உன் முழங்காலுக்குப் போகும். கேட்கவில்லையே என்று நீ வால்யூமை ஏற்றுவாய், முன்வரிசைக்குக் குத்தும். முன்பக்க அடியில் கட்டை கொடுத்து, ஸ்பீக்கர் உன் காதைப் பார்க்கிற மாதிரி சாய்த்துவிடு. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற ஆம்பில் இதற்கென்றே பக்கவாட்டில் கால்கள் உண்டு. உனக்குப் பந்தல்காரரிடம் ஒரு சவுக்குத் துண்டு வாங்கினால் போதும். பின்பக்கம் வழுக்காமல் ரப்பர் மிதியடி போடு.

இன்னொரு பதில்: பலகை மேடை என்றால் நான் தூக்கித்தான் வைப்பேன். அடியில் வெற்றிடம், பேஸ் (தாழ்ந்த ஒலி) குமுறும். தூக்கினால் அடங்கிவிடும். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம், அதிர்வில் ஆம்ப் நகர்ந்து விழும்.

கேட்டவர்: சரி அண்ணா, மண்டபத்தில் இரும்பு நாற்காலி இருக்கிறது. அதில் வைத்துக் கொஞ்சம் சாய்த்தும் பார்க்கிறேன்.