அவசரம்: லைஃப் ராஃப்ட் சர்வீஸ் ஒரு வருஷமா, மூன்று வருஷமா? 15ஆம் தேதி கடலுக்குப் போகிறோம்

நாகை_சூரை · ஜூன் 9, இரவு 10:40
எல்லோருக்கும் வணக்கம். அண்ணனுடைய ஆழ்கடல் சூரைப் படகில் ஒரு லைஃப் ராஃப்ட் (ஆபத்தில் காற்று நிரம்பி விரியும் உயிர்காப்பு மிதவை) இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதி நள்ளிரவோடு முடிகிறது, மறுநாள் விடியலில் கிளம்புகிறோம். ராஃப்டோடு வந்த கார்டில் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ் என்று இருக்கிறது. போனில் கேட்ட ஏஜென்ட், வருஷா வருஷம் கட்டாயம் என்கிறார். எது சரி? இந்த ஒரு தங்கல் (பல நாள் கடலில் தங்கி மீன் பிடிப்பது) போய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா? சீக்கிரம் சொல்லுங்கள். படம் போட்டிருக்கிறேன்.

கோடியக்கரை_காற்று · இரவு 10:52
தம்பி, எத்தனை பேருக்கான ராஃப்ட்? பெட்டியா, பையா? எந்த வருஷம் செய்தது? கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள்? இது எதுவும் சொல்லாமல் ஒன்றா மூன்றா என்றால் யார் என்ன சொல்ல முடியும்?

டெக்_ஆபீசர் · இரவு 11:05
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது, தேடிப் பார்த்திருக்கலாம். சோலாஸ், அதாவது கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம், மூன்றாம் அத்தியாயம், 20ஆம் விதி. 12 மாதத்துக்கு ஒரு முறை, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில். முடியாத சூழ்நிலையில் 17 மாதம் வரை நீட்டிக்க அனுமதி தரலாம். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கடலுக்குப் போகிறவர்கள் அடிப்படை விதியையாவது படித்துவிட்டுப் போக வேண்டும்.

காரை_மெக்கானிக் · ஜூன் 10, காலை 6:15
ஐயா சொல்வது கப்பல் ராஃப்டுக்கு. கார்டில் மூன்று வருஷம் என்று இருந்தால் அது யாட்டுக்கு, அதாவது உல்லாசப் படகுக்குச் செய்த ராஃப்டாக இருக்கும், ஐஎஸ்ஓ 9650 என்ற தர வகை. அதற்கு இடைவெளி சொல்வது செய்த கம்பெனி. மூன்று வருஷம் என்பது அதில் சாதாரணம்தான். ஆனால் வயது ஏற ஏறப் பல கம்பெனிகள் அதை ஒரு வருஷமாகக் குறைத்துவிடும். கார்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். ஏஜென்ட் உங்களை ஏமாற்றுகிறார் என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டாம்.

நாகை_சூரை · காலை 7:02
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 6 பேர், வெள்ளைப் பெட்டி. கொச்சியில் ஒருவர் பாய்மர யாட்டை விற்றபோது அண்ணன் போன வருஷம் வாங்கினார். செய்தது 2014. கார்டில் கடைசி முத்திரை மார்ச் 2020. வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) மேல் வைத்திருக்கிறோம். போவது 7 பேர்.

கோடியக்கரை_காற்று · காலை 7:09
ஏழு பேர் போகிற படகில் ஆறு பேர் ராஃப்டா? சர்வீஸ் கேள்வி அப்புறம். முதலில் இதற்கு அண்ணனிடம் பதில் கேளுங்கள்.

காரை_மெக்கானிக் · காலை 7:30
மார்ச் 2020 என்றால் மூன்று வருஷக் கணக்கிலேயே 2023 மார்ச்சில் முடிந்துவிட்டது. யார் சொல்வது சரி என்ற கேள்வியே இப்போது இல்லை, இரண்டு கணக்கிலும் ராஃப்ட் தவணை தாண்டி நிற்கிறது.

என்னைக் கேட்டால் தேதியை விட வெயில்தான் பெரிய எதிரி. ராஃப்டின் குழாய்களும் தரையும் பசையால் ஒட்டியவை. ஐரோப்பாவில் ஒரு யாட்டில் மூன்று வருஷம் தாங்குவது, நம் சித்திரை வெயிலில் வீல்ஹவுஸ் கூரைமேல் கிடந்தால் தாங்கும் என்று நான் நம்பமாட்டேன். பக்கத்தில் சைலன்சர் போகிறதா? போனால் இன்னும் மோசம். காற்றோட்டமாக ஒரு கித்தான் நிழல் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

தரங்கை_அலை · காலை 8:10
இத்தனை பயம் எதற்கு? இன்னும் நான்கு நாள் இருக்கிறது. ஏலக்கூடத்தில் வைத்துத் திறந்து, கம்ப்ரஸரில் காற்றடித்து, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் மடித்து உள்ளே வைத்துக் கட்டிவிடலாம். சர்வீஸ்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள், பில் மட்டும் பெரிதாகப் போடுவார்கள்.

காரை_மெக்கானிக் · காலை 8:26
தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அடிக்கும் அழுத்தத்துக்கு அளவு இருக்கிறது. அந்த அழுத்தத்தில் ஒரு மணி நேரம் வைத்து, 5 சதவீதத்துக்கு மேல் இறங்குகிறதா என்று மீட்டரில் பார்ப்பார்கள். லாரி டயருக்கு அடிக்கிற கம்ப்ரஸரை வைத்தால் தையலும் பசையும் அங்கேயே போய்விடும். வாயு சிலிண்டரை எடை போட்டுக் கசிவு பார்ப்பார்கள். பத்து வயதான கப்பல் ராஃப்டுக்கு வருஷந்தோறும் கூடுதல் அழுத்தச் சோதனையும் தரை ஒட்டுச் சோதனையும் உண்டு. உங்களுடையதும் அந்த வயதுக்கு வந்துவிட்டது. கை வெளிச்சக்குச்சி, பாராசூட் ராக்கெட், தண்ணீர் பாக்கெட், விளக்கின் பேட்டரி எல்லாவற்றுக்கும் தனித்தனி காலாவதித் தேதி.

இவ்வளவும் முடிந்தாலும் மடிப்பு இருக்கிறது. தப்பாக மடித்தால் விரியும்போது ஒரு பக்கம் மாட்டிக்கொள்ளும். அதை நடுக்கடலில்தான் தெரிந்துகொள்வீர்கள்.

பழைய_தண்டல் · காலை 9:40
நான் 31 வருஷம் கடலில் இருந்தவன். ஒரு கொண்டல் காற்றில் எங்கள் ஃபைபர் கவிழ்ந்தபோது ராஃப்டும் இல்லை, ஒன்றும் இல்லை. கவிழ்ந்த படகின் அடியைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்தோம். படகை விடாதவன் பிழைப்பான், என் அனுபவம் அதுதான். ராஃப்டை நம்பிப் படகை விட்டு இறங்குகிற பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

டெக்_ஆபீசர் · காலை 9:55
ஃபைபர் படகுக்குள் மிதவை நுரை இருக்கும், கவிழ்ந்தாலும் மூழ்காது. இன்ஜினும் ஐஸும் மீனும் ஏற்றிய பெரிய படகில் தண்ணீர் ஏறினால் பிடித்துக்கொள்ள அடிப்பக்கமே இருக்காது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது அறியாமை.

பழைய_தண்டல் · காலை 10:03
அறியாமை என்று சொல்ல வேண்டாம் ஐயா. கடல் உங்களுக்கு மட்டும் தெரிந்ததில்லை.

கோடியக்கரை_காற்று · காலை 10:20
இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1979இல் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியில் புயலில் 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அப்போது 24 யாட்டுகளை ஆட்கள் கைவிட்டு இறங்கினார்கள், அவற்றில் மூழ்கியவை ஐந்துதான். மற்றவை மிதந்துகொண்டிருந்தன. சில ராஃப்டுகள் அலையில் கவிழ்ந்தன, கிழிந்தன. அதனால் தண்டல் அண்ணே சொல்கிறபடி கடைசி நிமிஷம்வரை படகில் இருப்பதுதான் சரி. ஆனால் அந்தக் கடைசி நிமிஷத்தில் ராஃப்ட் விரியத்தான் வேண்டும், அதற்குத்தான் சர்வீஸ்.

பழைய_தண்டல் · காலை 10:31
அதை ஒப்புக்கொள்கிறேன்.

கீச்சாங்குப்பம்_08 · காலை 11:15
படத்தைப் பெரிதாக்கி யாராவது பார்த்தீர்களா? பெட்டியைச் சுற்றிப் பச்சை நைலான் கயிறு நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறது. திருட்டுக்குப் பயந்தா? ஓரத்தில் தெரிகிற வட்டமான பொருள்தான் ஹைட்ரோஸ்டாட். படகு மூழ்கினால் 4 மீட்டர் ஆழத்துக்குள் அது தானாகக் கயிற்றை வெட்டிப் பெட்டியை மேலே விடும். நைலான் சுற்றியிருந்தால் அது வெட்டியும் பயனில்லை, ராஃப்ட் படகோடு கீழே போகும்.

இன்னொன்று. ராஃப்டின் இழுகயிறு (இழுத்தால் ராஃப்ட் விரியும் கயிறு) சிவப்பு நிறப் பலவீன வளையம் வழியாகப் போகாமல் நேராகக் கம்பியில் கட்டியிருக்கிற மாதிரி தெரிகிறது. படகு மூழ்கும்போது அந்த வளையம் அறுந்தால்தான் விரிந்த ராஃப்ட் மேலே நிற்கும். ஹைட்ரோஸ்டாட்டில் மாதமும் வருஷமும் குறித்திருக்கிறதா? எச்20 வகை என்றால் பொருத்தியதிலிருந்து இரண்டு வருஷம்தான்.

எங்கள் படகில் கஜாவின்போது, 2018 நவம்பர் 16 அதிகாலை, பெட்டி அதைத் தாங்கும் தொட்டிலை விட்டுக் கழன்று தளத்தில் விழுந்தது. வெளியே ஒரு கீறல்தான், கார்டில் இன்னும் பல மாதம் பாக்கி இருந்தது. அப்பா சந்தேகப்பட்டு அனுப்பினார். உள்ளே சிலிண்டரின் தலைப்பகுதி வளைந்திருந்தது. அன்றிலிருந்து நாங்கள் தேதியை மட்டும் நம்புவதில்லை. தடைக்காலம் தொடங்கியதும் முதல் வேலையாக ராஃப்டை அனுப்பிவிடுகிறோம்.

நாகை_சூரை · காலை 11:28
கயிறு நான்தான் கட்டினேன். இப்போதே போய் அறுக்கிறேன். ஹைட்ரோஸ்டாட்டில் எதுவும் குறித்திருந்ததாக ஞாபகம் இல்லை.

டெக்_ஆபீசர் · நண்பகல் 12:10
கயிற்றை நானும் கவனிக்கவில்லை. கீச்சாங்குப்பம் தம்பி சரியாகச் சொன்னார். சென்னையில் அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் இருக்கின்றன, இன்றே பேசிவிட்டு அனுப்புங்கள். உள்ளே வாயு சிலிண்டர் இருக்கிறது என்பதை லாரிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை எண் 1554, விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனல். வீல்ஹவுஸில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

தரங்கை_அலை · பிற்பகல் 1:30
நான் சொன்னதை விட்டுவிடுங்கள். சிலிண்டர் விஷயம் எனக்குத் தெரியாது.

நாகை_சூரை · ஜூன் 17, இரவு 9:05
சென்னைக்கு அனுப்பினோம். மேல் குழாய் ஒரு மணி நேரம் தாங்கவில்லை. தரை ஒட்டு இரண்டு அடி நீளத்துக்குப் பிரிந்திருந்தது. வெளிச்சக்குச்சி எல்லாம் காலாவதி. இனி பயன்படாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் 8 பேர் ராஃப்ட் புதிதாகச் சொல்லியிருக்கிறார், அது வரும்வரை கிளம்பவில்லை. எல்லோருக்கும் நன்றி.

காரை_மெக்கானிக் · இரவு 9:20
நல்ல முடிவு. சிலிண்டர் எடை குறைந்திருந்ததா? புதியதை எங்கே வைக்கப் போகிறீர்கள், மறுபடியும் கூரைமேல்தானா?

காரை_மெக்கானிக் · ஜூன் 23, காலை 6:40
தம்பி, ராஃப்ட் வந்துவிட்டதா?