புதுப்பிப்பு: சாட்ஸ்வொர்த் இசை விழாவில் இரண்டு குழுக்களும் சேர்ந்து பாடியது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் எங்கள் வட்டார இசை விழாவில், எங்கள் கர்நாடக இசைக் குழுவும் பக்கத்துத் தேவாலயத்தின் ஜூலு பாடகர் குழுவும் சேர்ந்து ஒரு உருப்படி பாட வேண்டும், என்ன பாடலாம், எந்தச் சுருதியில்? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நல்லபடியாக முடிந்தது.

கைகொடுத்தது, "மோகனத்தில் வையுங்கள், ஸ்வரத்தை டானிக் சோல்ஃபாவில் எழுதிக் கொடுங்கள்" என்ற யோசனைதான். மோகனம் மத்யமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து ஸ்வர ராகம்; டானிக் சோல்ஃபா என்பது ஸ்வரங்களை டோ ரே மி என்று எழுதும் மேற்கத்திய முறை. இங்கே ஜூலு குழுக்களுக்கு சோல்ஃபா நல்ல பழக்கம். ஸ ரி க ப த என்பதை டோ ரே மி சோ லா என்று எழுதி நீட்டியதும் பத்தே நிமிடத்தில் பாடிவிட்டார்கள். தடுமாறியது நாங்கள்தான். சுருதி 5 கட்டை; அவர்கள் கணக்கில், அதாவது மேற்கத்திய முறையில், ஜி (G).

எதிர்பாராதது ஒன்று. அவர்கள் நான்கு குரலாகப் பிரித்துப் பாடியபோது ஆண் குரலில் ஃபா, அதாவது மத்யமம், நுழைந்துவிட்டது. மோகனம் போச்சு! அப்புறம் கீழ்க்குரல்களை ஸ, ப இரண்டை மட்டும் பிடிக்கச் சொன்னோம். தம்புரா மாதிரியே கேட்டது. சேர்ந்து பாடும் வரிகளில் எங்கள் கமகத்தையும், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதையும், குறைத்துக்கொண்டோம். என் அத்தைக்கு அதில் இன்னும் கோபம்.

தம்புரா செயலியை ஒலிபெருக்கியில் போடும் யோசனை மட்டும் சரிப்படவில்லை, மண்டபத்தில் ஒரே எதிரொலி. பின்வரிசைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுருதிப் பெட்டி போதுமாயிருந்தது.