மொட்டை மாடியில் கரி பார்பிக்யூ அடுப்பு: அணைப்பதும் மழைக்காலத்தில் வைப்பதும் எப்படி?

கேள்வி: திருவான்மியூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். கடற்கரைக்கு அருகில், மூன்று மாடி அடுக்ககம் ஒன்றில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு வாங்கிய, மூடி போட்ட உருண்டை வடிவக் கரி அடுப்பை மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் பயன்படுத்துகிறோம். கடந்த ஐப்பசியில் சமைத்து முடிக்கும் வேளையில் திடீரென மழை பிடித்துக்கொண்டதால், புகை நின்றுவிட்டதே என்ற நம்பிக்கையில் அடுப்பை அப்படியே தூக்கி மாடிப்படி முடியும் இடத்தில் உள்ள சிறு அறையான ஹெட்ரூமுக்குள் வைத்துவிட்டு, நாங்கள் ஐந்து பேரும் அங்கேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். அரை மணி நேரத்தில் என் தங்கைக்குக் கடும் தலைவலியும் குமட்டலும் வந்தன. கீழே இறங்கிக் காற்றாட நின்ற பிறகே சரியாயிற்று. இறைச்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போது நினைத்தோம். இப்போது அதில் எனக்கு ஐயம் உண்டாகிறது. மழை வந்தால் அடுப்பை என்ன செய்வது, எரிந்த கரியை எப்போது அப்புறப்படுத்துவது, மற்ற நாட்களில் எங்கே வைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கடல் காற்றில் கம்பிவலையும் துருப்பிடித்துவிட்டது. அதற்குப் பதிலாக ஜி.ஐ. வலையை வெட்டிப் போடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார்.

மறுமொழி: தணல்

தங்கள் ஐயம் நியாயமானது. நான் பதினான்கு ஆண்டுகளாகத் திருமண விருந்துகளில் தந்தூரி, கிரில் அடுப்புகளைக் கவனித்து வருகிறேன். நீங்கள் விவரித்திருப்பது கார்பன் மோனாக்சைடு நச்சின் அறிகுறிகளோடு பொருந்துகிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்வதால், மூச்சு வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடலுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராமல் நின்றுவிடும். புகையை வைத்து ஆபத்தை அளப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நன்றாகப் பற்றிய கரியில் புகை அநேகமாக இருக்காது. ஆனால் சாம்பல் பூத்துக் கனன்றுகொண்டிருக்கும் அந்தக் கங்கிலிருந்துதான் இந்த வாயு விடாமல் வெளியேறிக்கொண்டிருக்கும். அறை, ஹெட்ரூம், கண்ணாடி அடைத்த பால்கனி, கார் நிறுத்துமிடம் ஆகிய எந்த இடத்திலும் கரி அடுப்பைக் கனலோடு வைக்கக் கூடாது; ஒரு சன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்பதும் தவறான எண்ணம். இனி யாருக்காவது தலைவலி, மயக்கம், வாந்தி என்று வந்தால் உடனே எல்லோரும் திறந்த வெளிக்கு வந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

மழை வந்தால் இறைச்சியைத் தட்டில் எடுத்துக்கொண்டு, அடுப்பின் மூடியைப் போட்டு, மேலும் கீழும் உள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிட்டு, அடுப்பை மழையிலேயே விட்டுவிடுங்கள். அடுப்பு நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். காற்று கிடைக்காததால் கரி தானாகவே அணையும். அப்படி அணைந்த கரியை அடுத்த முறையும் பயன்படுத்தலாம். அவசரத்தில் உள்ளே தண்ணீர் ஊற்றாதீர்கள்: சூடான சாம்பலோடு நீராவி முகத்தில் அடிக்கும், சூட்டில் இருக்கும் எனாமல் பூச்சும் விரிசல் விடலாம். கொழுப்பு சொட்டித் தீ மேலெழும்பினாலும் மருந்து இதேதான்: மூடியைப் போட்டுத் துளைகளை அடைப்பது.

மறுநாள் காலையில் சாம்பலை அள்ளும்போதும் அது அணைந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. மேலே ஆறிய சாம்பல் உள்ளே இருக்கும் கங்குக்குப் போர்வைபோல் அமைந்து, ஒரு முழு நாளுக்கு மேலும் சூட்டைக் காத்து வைத்திருக்கும். மூடியுள்ள தகர வாளியில் கொட்டி, இரண்டு நாள் திறந்த வெளியில் வைத்த பிறகு குப்பைக்கு அனுப்புங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்ட சாம்பல் நள்ளிரவில் தீப்பிடித்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

மறுமொழி: பட்டறைக்காரன்

ஜி.ஐ. வலை வேண்டவே வேண்டாம். அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் சுமார் 420 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். கரித் தணலின் சூடு அதைத் தாண்டும். அந்தப் பூச்சு எரிந்து வரும் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும் என்பதை வெல்டிங் தொழிலாளர்கள் பட்டு அறிந்திருக்கிறோம். உணவு படும் இடத்தில் அது கூடவே கூடாது. 304 தரத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் வட்ட வலை செய்து தரச் சொல்லுங்கள்; விலை கூடுதல்தான், ஆனால் சாதாரண இரும்புக் கம்பியைவிட உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும். கம்பித் தூரிகையால் தேய்த்தால், உதிர்ந்த கம்பி இழை வலையில் ஒட்டி உணவோடு தொண்டைக்குப் போகும் அபாயம் உண்டு. தேங்காய் நார் கொண்டு தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, சமையல் எண்ணெய் தடவி வையுங்கள்.

மறுமொழி: குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர்

எங்கள் அடுக்ககத்தில் இதே பிரச்சினை எழுந்தபோது நாங்கள் வகுத்துக்கொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன். பால்கனியில் கரி அடுப்புக்கு அனுமதி இல்லை. மேல் வீட்டுத் துணியும் திரைச்சீலையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மொட்டை மாடியில், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கேபிள் கம்பிகள், துணிக்கொடி, சோலார் பலகை ஆகியவற்றிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, செங்கல் பரப்பிய இடத்தில் அடுப்பை வைக்க வேண்டும். மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும் என்பதால், பொறி பறந்தால் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கும். பற்றவைத்த கரியின் மேல் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவதற்கு முழுத் தடை; ஊற்றுபவரின் கையில் இருக்கும் டப்பாவுக்கே தீ ஏறிவிடும். யாருக்காவது கை சுட்டுவிட்டால், இங்க், பற்பசை, மாவு எதையும் பூசாமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.

அடுப்பைப் பயன்படுத்தாத நாட்களில் அதை அதே ஹெட்ரூமில் வைக்கலாமா என்றால், முற்றிலும் ஆறி, சாம்பல் அகற்றப்பட்ட அடுப்பை வைக்கலாம். ஆனால் படிக்கட்டை அடைத்து வைக்காதீர்கள்; தீ விபத்தின்போது எல்லோரும் ஓடும் வழி அதுதான்.

திருவான்மியூர்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தணல் ஐயா எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். நாங்கள் எவ்வளவு பெரிய ஆபத்தின் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம் என்பது இப்போதுதான் புரிகிறது. தகர வாளி வாங்கிவிட்டேன், எஃகு வலைக்கும் சொல்லிவிட்டேன். ஒரு சிறு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது: சாக்கில் இருக்கும் அரை மூட்டைக் கரி ஈரம் கோத்துவிட்டது. அதை எறிந்துவிடத்தான் வேண்டுமா?

தணல்

எறிய வேண்டியதில்லை. வெயில் அடிக்கும் இரண்டு மூன்று நாட்கள் மொட்டை மாடியில் பரப்பிக் காயவிட்டு, மூடியுள்ள டிரம்மில் போட்டு, தரையில் படாமல் செங்கல் மேல் வையுங்கள். ஈரக் கரி பற்றும்போது வெடித்துப் பொறி தெறிக்கும். ஆகவே முதல் தடவை அதைப் பற்றவைக்கும்போது குழந்தைகளைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.